தண்ணீர்த் தொட்டி வளைவில் ஏழு கிலோ

"நேத்து எவ்வளவு?"

"நூத்திப் பதினெட்டு."

"இன்னிக்கு?"

"நூத்தி நாலு."

"ஒரே ராத்திரில பதினாலு டிகிரி சுருங்கிருச்சா? உங்க முட்டி என்ன, தண்ணில நனைச்ச பருத்திச் சட்டையா?"

கேட்டது மனைவி. பதில் சொன்ன டிரைவர் சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை. அதற்குள் அவர் முகம். அந்த ஓட்டை வழியே அவருக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், தரையில் வந்து போகிற செருப்புகளும்தான். ஆயுசில் பாதியைப் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாகவே கழித்த மனுஷனுக்கு இப்போது வாய்த்திருக்கிற கண்ணாடி இவ்வளவுதான்.

பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர், வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து இடது முட்டியைப் பிய்த்துக்கொண்டார்.

"சோப்பு கிடந்தது கண்ணுக்குத் தெரியலையா?" என்று அன்றைக்கே மனைவி கேட்டாள்.

"அது ஹாரன் அடிக்கலையே," என்றார் டிரைவர்.

தையல் போட்டு, கட்டுப் பிரித்து, இப்போது பிசியோதெரபி. முட்டியைப் பார்ப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அண்ணி. இன்னொருத்தி பாப்பா. பாப்பாவின் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அண்ணி. பாப்பா "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடப்போய், வாட்ச்மேனிலிருந்து நோயாளி வரை அந்த ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு அண்ணிதான். பாப்பாவுக்கும் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, ஆனாலும் பாப்பாதான். இருவரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே பஸ்ஸில், அதுவும் இந்த டிரைவர் ஓட்டும் பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்து, ஒரே அறையில் வேலை பார்க்கிறார்கள். ஒன்றிலும் ஒத்துப்போவதில்லை.

"நேத்து அவ அழுத்தின அழுத்தல்ல முட்டி பயந்துபோய் மடங்கிருக்கு, டிரைவர் சார். அதையெல்லாம் கணக்குல சேர்க்கக் கூடாது," என்றாள் அண்ணி.

"அண்ணி அழுத்துறது அழுத்தமே இல்லண்ணே. தூங்குற குழந்தையைத் தட்டிக் குடுக்கிறாங்க," என்றாள் பாப்பா.

"குழந்தை வளர்த்தவளுக்குத்தானே தட்டத் தெரியும்."

"ஆமா, வளர்த்தீங்க. எங்க அண்ணனையும் சேர்த்து."

"ஐயோ, என் கால் இன்னும் உங்க கையிலேயே இருக்கும்மா," என்றார் டிரைவர் ஓட்டைக்குள்ளிருந்து. "முதல்ல அதை இறக்கி வச்சிட்டுச் சண்டை போடுங்க."

விஷயம் இதுதான். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்து, காலை மடக்கி, இனிப் போகாது என்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்துவார்கள். அந்த இடத்தில் கோணத்தை அளப்பார்கள். அந்த 'இன்னும் கொஞ்சம்' இருக்கிறதே, அது ஆளுக்கு ஆள் மாறினால் கோணமும் மாறும். சாதாரண நோயாளிக்கு அதனால் குடி முழுகாது. டிரைவருக்கு முழுகும்.

வெள்ளிக்கிழமை டிப்போவிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். அண்ணி, பாப்பா இருவர் கையிலும் முட்டி நூற்றுப் பத்தைத் தாண்ட வேண்டும். இரண்டு அளவும் ஒன்றை ஒன்று ஒட்டி வர வேண்டும். வந்தால் திங்கட்கிழமை பஸ். வராவிட்டால் அந்தப் பஸ் வேறொருவருக்கு நிரந்தரமாகப் போய்விடும். டிரைவருக்குத் தொலைந்த பொருள் அறையில் வேலை. பஸ்ஸில் விட்டுப்போன குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் குவிந்த அறை. அந்த அறைக்கு அதிகாரி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். டிரைவருக்கு மச்சான். கல்யாணப் பேச்சு நடந்தபோதே, "என் தங்கச்சியை ஒரு ஸ்டியரிங்குக்கா குடுக்கிறது?" என்று கேட்ட மச்சான்.

சோப்பில் விழுந்த மறுநாளே அவர் போன் செய்துவிட்டார். "கவலைப்படாதே மாப்ளே. உனக்கு ஜன்னலோரமா ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன். பஸ் போறதை நல்லா வேடிக்கை பார்க்கலாம்."

அன்றிலிருந்து டிரைவர் அந்த நாற்காலியைக் கனவில் பார்க்கிறார். அதற்கும் ஒரு கால் சரியில்லையாம், மூன்றே கால்கள்தானாம்.

பெரிய டாக்டர், ஆள் என்னவோ குள்ளம்தான், நண்பரின் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்ன மீட்டரை இரவல் வாங்கிவந்தார். சோப்புப் பெட்டி அளவு. அதைப் பார்த்ததும் டிரைவருக்கு முதலில் கிலி.

"பயப்படாதீங்க. இது வழுக்காது," என்றார் டாக்டர். "உள்ளங்கைக்கும் காலுக்கும் நடுவுல இதை வச்சு அழுத்தினா, எத்தனை கிலோ அழுத்தம்னு காட்டும். எல்லாரும் ஏழு கிலோவில நிறுத்தணும். எண் என் பக்கம் இருக்கும். கோணத்தையும் நானே பார்த்துக்கிறேன். எங்கே, பாப்பா, அழுத்துங்க."

"பதினொண்ணு," என்று எண்ணைப் படித்தார் டாக்டர்.

"அண்ணி."

"நாலு."

"இன்னொரு தடவை. பாப்பா... ஆறு. அண்ணி... ஒன்பது! என்ன இது? இதென்ன கையா, காய்கறிக்கடைத் தராசா? வைக்க வைக்க ஒண்ணு காட்டுது?"

"அவங்க எண்ணைப் பார்த்துக்கிட்டே அழுத்தட்டுமே, டாக்டர்," என்றாள் டிரைவரின் மனைவி.

"பார்த்துக்கிட்டு யாரு வேணும்னாலும் அழுத்தலாம்மா. இந்த மீட்டர் வெள்ளிக்கிழமையோட திரும்பப் போயிரும். அப்புறமும் கை தானா ஏழுல நிக்க வேண்டாமா?"

"அப்ப நீங்க போதும்னு சொல்லுங்க."

"நான் சொல்லி அவங்க நிறுத்தினா அது என் கை. அவங்க கை எங்கே?"

அன்று சாயங்காலம் அண்ணியும் பாப்பாவும் மீட்டரை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பாப்பாவின் அண்ணன் சோபாவில் மல்லாந்து படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்புறப் படுங்க," என்றாள் அண்ணி.

"ஏன், என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்புப் பண்ணினதுக்கு இல்ல, பழகுறதுக்கு. பாப்பா, அந்தக் காலை நீ எடுத்துக்கோ."

"ஆளுக்கொரு காலா? டிவியில கடைசி ஓவர்டி!"

"அண்ணே, அசையாதே. அண்ணி, எவ்வளவு?"

"நீ எனக்குச் சொல்லு, நான் உனக்குச் சொல்றேன். நீ பன்னெண்டு."

"நீங்க மூணு."

"மூணு போதும்! மூணே போதும்! அவளை நிறுத்தச் சொல்லு!" என்று அண்ணன் தலையணைக்குள் கத்தினார்.

மறுநாள் அண்ணன் நொண்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கை மட்டும் பழகவில்லை.

ஏன் இப்படி மாறுகிறது என்று முதலில் கண்டுபிடித்தது டிரைவர்தான். அதற்கு அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை, முட்டி இருந்தால் போதும்.

"டாக்டர், ஒண்ணு சொல்லலாமா?" என்றது ஓட்டை.

"சொல்லுங்க."

"இது கை அழுத்துற அழுத்தம் இல்ல. வாய் அழுத்துற அழுத்தம். யாரு பக்கெட்டை நிரப்பாம விட்டதுன்னு பாப்பா பேசும்போது என் கால் முதுகுக்கு வருது. பாப்பாவோட அண்ணனைப் பத்தி அண்ணி பேசினா கையில அழுத்தமே இல்ல, பூனைக்குட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கு. பேச்சு சண்டையா மாறுறதுக்கு முன்னாடியே அண்ணியோட வலது செருப்பு தாளம் போடும். எனக்கு இங்கேயிருந்து தெரியுது."

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். "வேலை நேரத்துல வீட்டுப் பேச்சா?"

"நாங்க எங்கே பேசினோம்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

"சரி. இனிமே வாயைத் திறக்கக் கூடாது. மௌனம். அழுத்துங்க, பாப்பா."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"பதினாலு!" என்றார் டாக்டர்.

"அம்மா!" என்றார் டிரைவர்.

"பேசாம இருக்கும்போது மனசுக்குள்ள பேசறாங்க, டாக்டர்," என்றாள் டிரைவரின் மனைவி. "வெளியே பேசினாலாவது பாதி காத்துல போகும். இது மொத்தமும் முட்டிக்குள்ள போகுது."

"அப்படின்னா இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கோபம் இருக்கிற விஷயம். என்ன இருக்கு?"

யோசித்தார்கள். வாஷிங் மெஷின் சரிப்படவில்லை. அதில் ஒருத்தி குற்றவாளி, ஒருத்தி நீதிபதி. வெயில் என்றால் இருவருக்கும் கை சோர்ந்து இரண்டு கிலோ. பஸ் பாதையில் புதிதாக ஒரு நிறுத்தம் வந்திருந்தது, துணிக்கடை வாசலில். டிரைவர் விடுப்பில் இருந்தபோது போட்டது. அதைப் பற்றிப் பேசினால் என்ன என்றாள் பாப்பா.

"எவ்வளவு வசதி தெரியுமாண்ணே! இறங்கினா நேரா கடைக்குள்ளதான்," என்று சொன்னபோது பாப்பாவின் கை மூன்று கிலோ.

"தினம் அந்த ஒரு நிறுத்தத்துல அத்தனை நேரம் போகுது. எல்லாம் இவ ஒருத்தி நாலு கலர் பாக்கிறதுக்காக!" என்று அண்ணி ஆரம்பித்ததும் டிரைவர் கட்டிலைத் தட்டினார். "இறக்குங்க! துணிக்கடை வேண்டாம்! சத்தியமா வேண்டாம்!"

கடைசியில் பாப்பா மெதுவாகச் சொன்னாள். "டாக்டர் சார், தப்பா நினைக்கலைன்னா, உங்களைப் பத்திப் பேசிப் பார்க்கலாமா?"

"என்னைப் பத்தி என்ன இருக்கு?"

இருந்தது. லீவு கேட்டால் காது கேட்காததுபோல் போவது. ஏசியைத் தன் அறையில் மட்டும் போட்டுக்கொள்வது. அண்ணி எட்டரை. பாப்பா எட்டரை. மறுபடியும் எட்டரை, எட்டரை.

"அட, நூல் பிடிச்ச மாதிரி வருதே!" என்றார் டிரைவர் சந்தோஷமாக. "இன்னும் கொஞ்சம் குறைச்சுத் திட்டினா ஏழுக்கு வந்துரும்."

"வேண்டாம்," என்றார் டாக்டர், முகம் சிவந்து. "டிப்போ ஆள் முன்னாடி என்னைத் திட்டினாத்தான் உங்க கை நிக்கும்னா, அது நிக்கவே வேண்டாம்."

வியாழக்கிழமை வந்துவிட்டது. மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. முட்டிதான் சூடாகியது. டிரைவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"மணி என்ன?" என்று மனைவியைக் கேட்டார்.

"மூணேகால்."

"இப்போ என் வண்டி தபாலாபீஸ் தாண்டியிருக்கும்," என்றார் ஓட்டைக்குள், தனக்குத்தானே. "அடுத்து பள்ளிக்கூடம். பசங்க ஏறுவாங்க. கதவை மெதுவாத்தான் சாத்தணும், ஒரு பையன் பையாவது நடுவுல மாட்டும். அப்புறம் மார்க்கெட். கூடைக்காரங்க இறங்க நேரம் குடுக்கணும். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. பெரிய வளைவு. கிளட்சை மிதிச்சு, கியரைக் குறைச்சு, மெதுவா... மெதுவா... திரும்புது... ஆச்சு. ஆஸ்பத்திரி."

டாக்டர் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"யாருடைய கை அது?" என்றார் டாக்டர்.

"என்னுதுதான், சார்," என்றாள் பாப்பா. "பழக்கத்துல வச்சிருந்தேன்."

"ஏழு. ஆடாம ஏழுல நின்னுச்சு. அண்ணி, நீங்க வாங்க. டிரைவர், முதல்லேருந்து ஓட்டுங்க."

டிரைவர் தபாலாபீசிலிருந்து மறுபடி கிளம்பினார். தண்ணீர்த் தொட்டி வளைவில் அண்ணியின் கையும் ஏழில் நின்றது.

"எப்படிம்மா?"

அண்ணியும் பாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாப்பா உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். "அந்த வளைவுல முன் சீட்டுக் கம்பியை இப்படித் தள்ளிப் பிடிச்சாத்தான் சார் விழாம இருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே கம்பியைத்தான் பிடிப்போம். ஒருத்தி அதிகமாத் தள்ளினா இன்னொருத்தி சரிஞ்சிருவா."

"அந்த வளைவு வந்தா மட்டும் நாங்க சண்டையை நிறுத்திருவோம்," என்றாள் அண்ணி. "வளைவு தாண்டி விட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்போம்."

"பாத்தியா?" என்றார் டிரைவர் மனைவியிடம். "என் வளைவு."

வெள்ளிக்கிழமை காலை அறைக்கதவு திறந்தது. ஓட்டை வழியே டிரைவருக்குப் புதிதாக ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. பளபளவென்று, சின்ன முடிச்சு வைத்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மச்சான்.

"என்ன மாப்ளே, சௌக்கியமா? டிப்போவில யாரை அனுப்பலாம்னு கேட்டாங்க. சொந்தக்காரன் நானே போறேனேன்னு வந்துட்டேன்."

"வாங்கண்ணே," என்றாள் மனைவி, வாயால் மட்டும்.

முதலில் பாப்பா. டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பஸ்ஸை எடுத்தார். தபாலாபீஸ். பள்ளிக்கூடம்.

"இது என்ன, மந்திரமா?" என்றார் மச்சான்.

"நோயாளி பேசக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லையே," என்றார் டாக்டர்.

மார்க்கெட். தண்ணீர்த் தொட்டி. வளைவு.

"அழுத்தம் ஏழு. கோணம் நூத்திப் பன்னெண்டு."

மச்சானின் முகம் அந்தச் செருப்பை விடச் சின்னதாயிற்று. பாப்பா நகர்ந்தாள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து காலைப் பிடித்தாள். டிரைவர் மறுபடி கிளம்பினார். பள்ளிக்கூடம் தாண்டி, மார்க்கெட்டில் கூடைக்காரர்களை இறக்கி, தொட்டியை நோக்கி வண்டியைத் திருப்பினார்.

"தப்பு!" என்றார் மச்சான். "நிறுத்து, நிறுத்து. மார்க்கெட்டுக்கும் தொட்டிக்கும் நடுவுல துணிக்கடை நிறுத்தம் வந்தாச்சு மாப்ளே. பாதையே தெரியாதவன் வண்டியை எப்படி ஓட்டுவான்?"

துணிக்கடை!

ஓட்டை வழியே டிரைவர் பார்த்தார். அண்ணியின் வலது செருப்பு தாளம் போட ஆரம்பித்தது. கணுக்காலில் கை இறுகியது. எட்டு இருக்கும். ஒன்பது. மூலையிலிருந்து பாப்பாவின் குரல் வேறு: "அது நல்ல நிறுத்தம்தானே..."

"பாப்பா!" என்றாள் டிரைவரின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு.

பத்து. மூன்று கால் நாற்காலி டிரைவரின் கண்முன்னே வந்து நின்றது. குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஜன்னலுக்கு வெளியே அவர் பஸ். அவர் இடது முட்டி எரிந்தது. ஆனால் நடுரோட்டில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது எந்த டிரைவர் ஸ்டியரிங்கை விடுவான்?

"துணிக்கடை," என்றார் டிரைவர், அவருடைய நிஜமான பஸ் குரலில். "வாசல்ல ஒரு ஆள் நிக்கிறாரு. பளபளன்னு செருப்பு போட்டிருக்காரு. கையைக் காட்டுறாரு. வண்டி ஃபுல்லு, மச்சான். அடுத்த பஸ்ல வாங்க. தொட்டி வருது, எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்குங்க..."

அண்ணியின் செருப்பு நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வளைவில் சிரித்தால் விழுந்துவிடுவோம் என்று கைக்குத் தெரியும். கை தன் வேலையைப் பார்த்தது.

"மெதுவா... மெதுவா... திரும்புது... ஆச்சு. ஆஸ்பத்திரி. இறங்கலாம்."

"ஏழு," என்றார் டாக்டர். எண்ணை அப்படியே நிறுத்திவைக்கிற பொத்தானைத் தட்டினார். "ஏழேதான். கோணம் நூத்திப் பதினொண்ணு."

அப்புறம்தான் எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் மீட்டரை வாங்கி, திருப்பி, தட்டிப் பார்த்தார். அது ஏழிலேயே நின்றது.

"நாற்காலியை என்ன பண்ணுவீங்க மச்சான்?" என்றார் டிரைவர், ஓட்டையிலிருந்து முகத்தை எடுத்து. கன்னத்தில் வட்டமாக ஒரு அச்சு.

"வேற யாராவது விழுவாங்க," என்றார் மச்சான், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

திங்கட்கிழமை காலை. டிரைவரின் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் கூட வருவேன் என்று அடம். இரண்டாவது சீட்டில் அண்ணியும் பாப்பாவும், யார் ஹீட்டரை அணைக்கவில்லை என்பதில் மும்முரமாக. பஸ்ஸில் நிஜமாகவே எள் போட்டால் எள் விழாது.

துணிக்கடை நிறுத்தத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார். பளபளவென்று செருப்பு. கையில் யாரோ விட்டுப்போன குடை.

"என்னங்க, எங்க அண்ணன்!"

"பார்த்தேன்."

"நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

டிரைவருக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. ஸ்டியரிங் ஞாபகமும் வந்தது. பிறகு இடது காலைத் தூக்கிக் கிளட்சை மிதித்தார். முட்டி முனகாமல் மடங்கியது. கதவு திறந்தது.

"ஃபுல்லுன்னு சொன்னியே," என்றார் மச்சான் படியில் நின்றுகொண்டு.

"ஃபுல்லுதான். நின்னுக்கிட்டுத்தான் வரணும். கம்பியைப் பிடிச்சுக்குங்க, வளைவு வருது."

"எனக்கே சொல்றியா? எத்தனை வருஷமா பஸ் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"பார்த்திருப்பீங்க, மச்சான்," என்றார் டிரைவர், கியரைப் போட்டு.

தண்ணீர்த் தொட்டி வந்தது. பின்னால் ஹீட்டர் சண்டை பாதியில் நின்றது. இரண்டு உள்ளங்கைகள் ஒரே கம்பியைத் தள்ளின. மச்சான் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை சொல்லி அவர் எதையும் பிடித்ததில்லை. பஸ் மெதுவாகத்தான் திரும்பியது. ஆனாலும் அவர் குடையோடு சேர்ந்து அப்படியே சரிந்து, பாப்பாவின் மடியில் உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க சார்!" என்றாள் பாப்பா.

"முடியலையேம்மா... முட்டி..."

அண்ணி குனிந்து பார்த்தாள். "இடதா, வலதா?"

"இடது."

"பரவாயில்ல," என்றாள் அண்ணி. "அடுத்த நிறுத்தம் ஆஸ்பத்திரிதான்."